ரயில் சத்தம் பழகிப்போவது காதிலா, மூளையிலா?

ரயில் பாதையை ஒட்டிய குடியிருப்புக்கு அண்மையில் வந்த ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: வந்த புதிதில் இரவில் ஒவ்வொரு வண்டி கடக்கும்போதும் தூக்கிவாரிப்போட்டு எழுந்தவருக்கு, சில வாரங்கள் கழிந்தபின் வண்டி போனதா இல்லையா என்பதே தெரிவதில்லை. தம் காது மந்தமாகிவிட்டதா, நரம்புகள் சோர்ந்துபோயினவா, அல்லது மனம் வேறு வழியில்லாமல் ஏற்றுக்கொண்டுவிட்டதா என்று அறிய விரும்புகிறார். சத்தம் உறைக்காமல் போய்விட்டதால் அதன் கெடுதலும் நீங்கிவிட்டதாகக் கொள்ளலாமா என்பது அவருடைய இரண்டாவது கேள்வி.

முதல் கேள்விக்கு நேரடியாகவே விடை சொல்லிவிடலாம். காது மந்தமாகவில்லை, நரம்பும் சோரவில்லை. இந்தச் சத்தத்தைத் தொடர்ந்து தனக்கு நல்லதோ கெட்டதோ எதுவும் நேர்வதில்லை என்பதை மூளை கற்றுக்கொண்டிருக்கிறது. விளைவு ஏதும் இல்லாத ஒரு தூண்டல் திரும்பத் திரும்ப வரும்போது அதற்கான துலங்கல், அதாவது உடல் காட்டும் எதிர்வினை, படிப்படியாகக் குறைவதையே உளவியலில் பழகிப்போதல் என்கிறோம். பரிசும் தண்டனையும் இல்லாமல், கற்கிறோம் என்ற உணர்வும் இல்லாமல் நடக்கும் கற்றல் இது. கற்றலின் வகைகளில் இதைவிட எளிமையானது இல்லை. இரண்டாவது கேள்விக்கான விடை அவ்வளவு ஆறுதலானது அன்று. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இது சோர்வு அன்று என்று எப்படிச் சொல்ல முடிகிறது? புலன் உறுப்பே தற்காலிகமாக உணர்வு குன்றுவது உண்மையில் உண்டு. வெயிலிலிருந்து திரையரங்குக்குள் நுழைபவரின் கண் இருட்டுக்குச் சரிசெய்துகொள்வது பெரும்பாலும் விழித்திரையில் நடக்கும் மாற்றம். ஊதுபத்தி எரியும் அறையில் சற்று நேரம் இருந்தால் மணம் தெரியாமல் போவதிலும் மூக்கின் ஏற்பிகளுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. தசையும் தொடர்ந்து இயங்கினால் களைக்கும். ஆனால் இந்த இரண்டும் ரயில் விஷயத்தில் பொருந்தவில்லை. காது மந்தமாகியிருந்தால் மற்றச் சத்தங்களும் சேர்ந்தே மங்கியிருக்க வேண்டும். ரயில் இரைச்சலில் அசையாமல் தூங்கும் தாய், அதைவிடப் பல மடங்கு மெல்லிய குழந்தையின் சிணுங்கலுக்கு விழித்துக்கொள்கிறாள் என்றால், தடை காதில் இல்லை.

இதைவிடத் தெளிவான சான்று ஒன்று உண்டு. ஒரு தூண்டலுக்குப் பழகிப்போன விலங்குக்கு இடையில் வேறொரு வலுவான தூண்டலைக் கொடுத்துவிட்டு மறுபடியும் பழைய தூண்டலையே கொடுத்தால், குறைந்திருந்த துலங்கல் உடனே திரும்பிவருகிறது. ஓய்வே கொடுக்காமல், கூடுதல் வேலை கொடுத்த பிறகு திரும்பிவருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். களைத்த தசை ஒருபோதும் அப்படி நடந்துகொள்ளாது. ஒரு துலங்கல் குறைந்தது பழகிப்போனதாலா, களைப்பாலா என்று ஐயம் எழும்போதெல்லாம் ஆய்வாளர்கள் முதலில் செய்து பார்ப்பது இந்தச் சோதனையைத்தான்.

அமெரிக்காவின் விஸ்கான்சினைச் சேர்ந்த ஜார்ஜ், எலிசபெத் பெக்கம் தம்பதியர் 1887இல் சிலந்திகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இந்த நிகழ்வின் நல்ல விவரிப்பு இருக்கிறது. வலைக்கருகே இசைக்கவையை அதிரவைத்தபோது சிலந்தி நூலைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்தது. மீண்டும் மீண்டும் அதிரவைத்தபோது, கடைசியில் அசையாமல் இருந்த இடத்திலேயே இருந்தது. எனினும் இதை ஒழுங்குபடுத்தப்பட்ட அறிவாக மாற்றியது ரிச்சர்ட் தாம்ப்சனும் வில்லியம் ஸ்பென்சரும் 1966இல் வெளியிட்ட கட்டுரைதான். எதைப் பழகிப்போதல் என்று சொல்லலாம் என்பதற்கு அவர்கள் ஒன்பது இயல்புகளைத் தொகுத்தார்கள். 2009இல் கேத்தரின் ராங்கினும் வேறு பல ஆய்வாளர்களும் சேர்ந்து அந்தப் பட்டியலைத் திருத்தியபோதும் அடிப்படை மாறவில்லை. நீண்டகாலப் பழகிப்போதல் என்ற பத்தாவது இயல்பு சேர்ந்தது, அவ்வளவே.

அந்த இயல்புகளில் கேள்வி கேட்டவருக்குப் பயன்படுபவை சில. மெல்லிய தூண்டல் விரைவில் பழகும். மிக வலுவானது மெல்லப் பழகும், சில சமயம் பழகவே பழகாது. தூண்டல் சில காலம் நின்றுபோனால் பழைய துலங்கல் தானாகவே மீளும். ஆனால் அப்படி மீண்டபின் மறுபடியும் தூண்டல் தொடங்கினால், இரண்டாம் முறை முதல் முறையைவிட விரைவாகப் பழகும். ஆகவே இவர் ஒரு மாதம் சொந்த ஊரில் இருந்துவிட்டுத் திரும்பினால் முதல் ஓரிரு இரவுகள் தூக்கம் கலையலாம். முன்புபோல் வாரக்கணக்கில் அவதிப்பட வேண்டியிருக்காது.

தூண்டல்களுக்கு இடையிலான இடைவெளியைப் பற்றிய கண்டுபிடிப்பு சற்று வியப்பானது. மைக்கேல் டேவிஸ் 1970இல் வெளியிட்ட ஆய்வில் எலிகளுக்கு 120 டெசிபெல் அளவுள்ள, நொடியில் இருபதில் ஒரு பங்கு மட்டுமே நீடிக்கும் ஒலி 1000 முறை கொடுக்கப்பட்டது. ஒரு குழுவுக்கு 2 நொடிக்கு ஒருமுறை, இன்னொரு குழுவுக்கு 16 நொடிக்கு ஒருமுறை. பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, அடுத்தடுத்து ஒலி கேட்ட எலிகளே குறைவாகத் திடுக்கிட்டன; அவையே நன்றாகப் பழகிவிட்டன என்று பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் பயிற்சி முடிந்து ஒரு நிமிடம் கழித்தும் ஒரு நாள் கழித்தும் சோதித்தபோது நிலைமை தலைகீழாக இருந்தது: 16 நொடி இடைவெளியில் கேட்டவைதான் குறைவாகத் திடுக்கிட்டன. குறுகிய இடைவெளியில் வரும் தூண்டல் அந்த நேரத்துக்குத் துலங்கலை அமுக்குகிறது. நீண்ட இடைவெளியில் வருவதே நிலைத்த கற்றலை உண்டாக்குகிறது. துலங்கல் அப்போதைக்குக் குறைவதும் பழகிப்போவதும் ஒன்றல்ல என்பதை இவ்வளவு நேர்த்தியாகக் காட்டிய சோதனையை நான் வேறு கண்டதில்லை.

அப்படியானால் மூளை எதைக் கற்றுவைத்திருக்கிறது? மாஸ்கோவில் பணியாற்றிய எவ்கேனி சொகொலோவ் இதற்குத் தந்த விளக்கம் இன்றும் பாடநூல்களில் நிற்கிறது. புதிதாக ஒன்று கேட்டவுடன் தலை திரும்புகிறது, விரல்களின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, தோலின் மின்கடத்துதிறன் மாறுகிறது, "என்ன அது?" என்று உடல் முழுவதும் எழுப்பும் கேள்வி இது. அதே ஒலி தொடர்ந்து வரும்போது மூளை அதன் அளவு, நீளம், இடைவெளி ஆகியவற்றைக் கொண்டு ஒரு முன்மாதிரியை உருவாக்கிக்கொள்கிறது. வருவது முன்மாதிரியோடு பொருந்தினால், தெரிந்த முகத்தை நிறுத்தி விசாரிக்காத வாசல் காவலாளியைப்போல், அதைப் பேசாமல் விட்டுவிடுகிறது. பொருந்தாவிட்டால் துலங்கல் மீண்டும் எழுகிறது. சொகொலோவ் காட்டிய சான்றுகளில் வலுவானது இது: பழகிப்போன ஒலியைக் கூட்டினால் மட்டுமல்ல, குறைத்தாலும் துலங்கல் திரும்பிவந்தது. ஒலியை வழக்கத்தைவிடச் சீக்கிரம் நிறுத்தியபோது, அது தொடர்ந்திருக்க வேண்டிய, ஆனால் அமைதி நிலவிய அந்தக் கணத்தில் துலங்கல் எழுந்தது. மெல்லிய ஒலிக்கும், ஒலியே இல்லாமைக்கும் ஒரு நரம்பு மண்டலம் துள்ளி எழுகிறது என்றால் அதைச் சோர்ந்துபோனது என்று எப்படிச் சொல்வது?

இதையொட்டி நரம்பியலாளர் கார்ல் பிரிப்ரம் சொல்லிவந்த ஒரு கதை உண்டு. நியூயார்க்கின் மூன்றாம் அவென்யூவில் ஓடிய மேம்பால ரயில் 1955இல் நிறுத்தப்பட்டபின், அந்தப் பகுதிவாசிகள் நள்ளிரவில் எழுந்து, ஏதோ விசித்திரமாக நடக்கிறது என்று காவல்துறைக்குத் தொலைபேசியில் முறையிட்டார்களாம். அந்த நேரங்கள் பழைய ரயில் கடந்த நேரங்களோடு ஒத்துப்போனதாம். ஆய்வகச் சான்றுக்கு உரிய மதிப்பை இதற்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் முன்மாதிரி என்ற கருத்து எதை எதிர்பார்க்கச் சொல்கிறது என்பதை இந்தக் கதை சரியாகவே பிடித்திருக்கிறது.

நரம்பணு அளவில் என்ன மாறுகிறது என்பதைக் கண்ணால் காட்டியது அப்ளிசியா என்ற கடல்முயல். கலிஃபோர்னியக் கடற்கரையில் வாழும், வெளிப்புறத்தில் ஓடு இல்லாத இந்த நத்தையினத்துக்கு ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களே உள்ளன. அவற்றில் சில வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பெரியவை. அதன் முதுகில் செவுளும், நீரை வெளியேற்றும் ஒரு சிறு குழலும் இருக்கின்றன. அந்தக் குழலை மெல்லத் தொட்டாலோ, அதன்மேல் நீரைப் பீய்ச்சினாலோ செவுள் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். ஏறத்தாழ பத்து முறை தொடுவதற்குள் அந்த இழுப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. எரிக் காண்டெலும் அவருடைய குழுவினரும் 1970களில் இதைப் படிப்படியாகப் பிரித்துப் பார்த்தார்கள். தொடுகையை உணரும் நரம்பணு முன்புபோலவே சைகை அனுப்பியது. செவுளை இயக்கும் நரம்பணுவை நேரடியாகத் தூண்டியபோது செவுள் முன்புபோலவே சுருங்கியது. குறைந்தது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சந்திப்பில்: உணரும் நரம்பணு ஒவ்வொரு சைகைக்கும் வெளியிடும் வேதிப்பொருளின் அளவு தொடுகைக்குத் தொடுகை குறைந்துகொண்டே போனது. தூண்டலும் உள்ளே வருகிறது, துலங்கும் ஆற்றலும் இருக்கிறது. செய்தி கைமாறும் இடத்தில்தான் அது நலிந்துபோகிறது.

பத்துத் தொடுகைகளால் உண்டாகும் இந்த நினைவு நெடுநேரம் நிற்பதில்லை. அமர்வுக்குப் பத்துத் தொடுகைகள் வீதம் இடைவெளி விட்டு நான்கு அமர்வுகள் கொடுத்தபோது மூன்று வாரங்களுக்கும் மேலாக நின்றது. அத்தகைய விலங்குகளின் நரம்பணுக்களை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்த கிரெய்க் பெய்லியும் மேரி சென்னும், வேதிப்பொருளை வெளியிடும் இடங்களே எண்ணிக்கையில் குறைந்திருந்ததை 1983இல் தெரிவித்தார்கள். அதாவது நீண்டகாலப் பழக்கம் என்பது நரம்பணுவின் உருவத்திலேயே ஏற்படும் மாற்றம். நினைவின் உயிரியலை இந்த எளிய விலங்கில் தொடங்கி ஆராய்ந்த காண்டெலுக்கு 2000ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இருவரோடு பகிர்ந்து வழங்கப்பட்டது. எல்லா விலங்குகளிலும் இதே வழிதான் என்று எண்ணிவிடக் கூடாது. பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தினரும் டப்ளின் ஆய்வாளர்களும் பழ ஈக்களைக் கொண்டு 2011இல் வெளியிட்ட ஆய்வில், தொடர்ந்து வரும் மணத்துக்கு ஈ பழகிப்போவதற்குக் காரணம் தடுப்பு நரம்பணுக்கள் வலுப்பெறுவதே என்று தெரிந்தது. ஒன்றில் செய்தியைச் சொல்லும் தரப்பு நலிகிறது. மற்றொன்றில் அதை அடக்கும் தரப்பு வலுக்கிறது.

நரம்பே இல்லாத உயிர்களிலும் இதைப் போன்றது நடக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊர் வரப்புகளில் குழந்தைகள் தொட்டு விளையாடும் தொட்டாற்சிணுங்கியை மோனிகா காலியானோவின் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில் 15 செ.மீ. உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் மெத்தென்ற தளத்தில் விழவைத்தது. முதலில் இலைகளை மூடிய செடிகள் பிறகு மூடுவதை நிறுத்தின. ஆனால் குலுக்கியபோது மூடின. 28 நாள் கழித்தும் இந்த வேறுபாடு தெரிந்ததாக அவர்கள் எழுதினார்கள். செடி கற்கிறது என்று சொல்வதைத் தாவரவியலாளர் பலர் ஏற்கவில்லை, களைப்பை இன்னும் கடுமையாகச் சோதித்து விலக்க வேண்டும் என்று அவர்கள் வாதிடுவது நியாயமாகவே எனக்குப் படுகிறது.

சிலருக்கு ஏன் பழகவே மாட்டேன் என்கிறது? பக்கத்து வீட்டில் டிரில்லிங் மெஷின் ஓடும்போது நாள் செல்லச் செல்ல எரிச்சல் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பிலிப் குரோவ்ஸும் தாம்ப்சனும் 1970இல் முன்வைத்த கொள்கைப்படி, ஒவ்வொரு தூண்டலும் ஒரே நேரத்தில் இரண்டு எதிரெதிர் மாற்றங்களைத் தொடங்கிவைக்கிறது: ஒன்று துலங்கலைக் குறைக்கும், மற்றொன்று உடலின் பொதுவான விழிப்பை உயர்த்தித் துலங்கலைக் கூட்டும். நாம் காண்பது இவற்றின் நிகர விளைவு. தூண்டல் மெல்லியதாகவும் ஒரே மாதிரியாகவும் வந்தால் முதலாவது வெல்லும்; வலுவாக வந்தால், அல்லது கேட்பவர் ஏற்கெனவே பதற்றத்தில் இருந்தால், இரண்டாவது வெல்லும். ரயில் நேரத்துக்கு வருகிறது, ஏறித் தணிகிறது, போய்விடுகிறது; மூளை முன்மாதிரி அமைக்க அதைவிட வசதியான சத்தம் கிடைப்பது அரிது. டிரில்லிங் மெஷின் எப்போது தொடங்கும், எப்போது நிற்கும் என்பது யாருக்கும் தெரியாது. கதவு உடைபட்டுத் திருட்டு நடந்த வீட்டில் வாசல் கேட் ஓசைக்கு யாரும் பழகிக்கொள்வதில்லை, ஏனெனில் அங்கே அந்த ஓசைக்கு ஒரு விளைவு உண்டு.

பழகிப்போதல் தூண்டலின் முக்கியத்துவத்தைப் பார்ப்பதில்லை. எத்தனை முறை வந்தது, வந்தபின் என்ன நேர்ந்தது என்பதை மட்டுமே பார்க்கிறது. எச்சரிக்கைகள் தோற்பதற்கு இதுவே காரணம். அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று அளிக்கும் கூட்டு ஆணையம் 2013இல் வெளியிட்ட அறிவிப்பு ஒன்றில், நோயாளிகளைக் கண்காணிக்கும் கருவிகளின் அலாரங்களில் 85 முதல் 99 விழுக்காடு வரை மருத்துவத் தலையீடு எதுவும் தேவைப்படாதவை என்று மதிப்பிடப்பட்டிருந்தது. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அலாரம் தொடர்பான 98 நிகழ்வுகள் அந்த ஆணையத்துக்குத் தெரிவிக்கப்பட்டன. அவற்றில் 80 உயிரிழப்பில் முடிந்தன. பழியைச் செவிலியரின் அலட்சியத்தின்மேல் போடுவது எளிது. நூற்றில் தொண்ணூறு முறை பொய்யாக ஒலிக்கும் மணியைப் புறக்கணிக்கப் பழகுவது, சரியாக வேலைசெய்யும் ஒரு நரம்பு மண்டலத்தின் அடையாளம் என்பதால், திருத்தம் மணியில்தான் வேண்டும்.

சிகரெட் பெட்டியின் எச்சரிக்கைப் படமும் இப்படித்தான். இந்தியாவில் 2016 ஏப்ரல் முதல் அது பெட்டியின் முதன்மைப் பரப்பில் 85 விழுக்காட்டை நிரப்ப வேண்டும் என்று ஆனது. ஒரே படம் ஆண்டுக்கணக்கில் தொடராமல் மாற்றப்படவும் வேண்டும். பரப்பைப் பெரிதாக்குவதைவிடப் படத்தை மாற்றுவதே, என் கருத்தில், பழகிப்போதலுக்கு எதிரான உண்மையான ஆயுதம். 2012 அக்டோபர் முதல் திரைப்படங்களில் புகைக்கும் காட்சிகளின்போது தோன்றும் எச்சரிக்கை வாசகத்தை எத்தனை பேர் உண்மையில் படிக்கிறோம்? எழுத்தும் இடமும் ஒரே மாதிரி இருப்பது பழகிப்போவதற்கென்றே அமைத்ததுபோல் இருக்கிறது. காட்டோரத் தோட்டங்களில் வெடிச்சத்தத்துக்கு யானைகள் பழகிவிடுவதும் வேறு கதையன்று. வெடித்தபின் ஒன்றும் நேர்வதில்லை என்று யானைக்குத் தெரிந்துவிடுகிறது.

இனி இரண்டாவது கேள்வி. உறக்கத்தில் ஒலியின் விளைவை அளந்த ஆய்வுகள் பலவற்றில் ஒரு முரண் தெளிவாகத் தெரிகிறது. சில இரவுகளிலேயே விழித்தெழுதல் குறைகிறது. காலையில் கேட்டால் நன்றாகத் தூங்கியதாகவே சொல்கிறார்கள். ஆனால் அதே இரவுகளில் ஒவ்வொரு வண்டி கடக்கும்போதும் இதயத்துடிப்பு சற்று ஏறித் தணிவதும் ரத்தக் குழாய்கள் சுருங்குவதும் தொடர்கின்றன. இவை விழித்தெழுதலைப்போல் எளிதில் பழகிப்போவதில்லை. பழகிப்போதல் உடல் முழுவதுக்கும் ஒரே நாளில் கிடைக்கும் விடுதலை அன்று. ஒவ்வொரு துலங்கலும் தனக்கே உரிய வேகத்தில் பழகும், சில பழகாமலே நிற்கும். எனவே தெரியவில்லை என்பதால் பாதிப்பில்லை என்று கொள்ளக் கூடாது. உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியப் பிரிவு 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, இரவு நேர ரயில் ஒலியின் சராசரி வீட்டின் வெளிச்சுவரருகே 44 டெசிபெலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. பாதையை ஒட்டிய வீடுகளில் அந்த அளவுக்குள் அடங்குவது கடினம்.

ஆகவே கேள்வி கேட்டவருக்கு என் ஆலோசனை: படுக்கையைப் பாதைப் பக்கத்து அறையிலிருந்து வீட்டின் மறுபக்கத்துக்கு மாற்றுங்கள், அது முடியாதென்றால் சன்னல் சட்டத்தின் இடுக்குகளை ரப்பர் பட்டை கொண்டு அடையுங்கள், வசதி இருந்தால் இரட்டைக் கண்ணாடிச் சன்னல் போடுங்கள். இவற்றால் பயன் கிடைத்ததா என்பதை உங்கள் தூக்கத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள். அந்தச் சாட்சி ஏற்கெனவே பழகிவிட்டது. இரவில் சன்னலருகே ஒலியின் அளவை எடுத்துப் பாருங்கள். நாற்பது வயதைக் கடந்தவராக இருந்தால் ரத்த அழுத்தத்தையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.